திருச்சியில் ஏறி நடுவில் விமானம் மாறுகிறவர்களுக்கு: டிரான்சிட் நேரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வெளிநாடு போகிறவர்களுக்குத் திருச்சிதான் வாசல். அங்கிருந்து நேராகப் போகக்கூடிய ஊர்கள் சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, வளைகுடாப் பக்கம் சில ஊர்கள், ஆசியாவில் இன்னும் ஓரிரண்டு, அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் படிக்கப் போகிற பிள்ளையும், மகள் பிரசவத்துக்காக அமெரிக்கா போகிற அம்மாவும், ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிறவரும் எங்காவது ஓரிடத்தில் விமானம் மாறித்தான் ஆக வேண்டும். அந்த மாறுகிற இடத்தைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்று கேட்பதைவிட, டிக்கெட் எடுக்கும்போதே என்ன பார்த்து எடுக்க வேண்டும் என்று கேட்பது நல்லது. முக்கால்வாசிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

இடைவெளி ஒன்றரை மணி நேரம்தான் இருக்கிறது. போதுமா?

ஒரே டிக்கெட், ஒரே டெர்மினல், வேகமாக நடக்கக்கூடிய ஆள் என்றால் போதும். ஒவ்வொரு பெரிய விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்கும் குறைவான இடைவெளியில் இரண்டு விமானங்களைச் சேர்த்து ஒரே டிக்கெட்டாக விற்க மாட்டார்கள். பிராங்பர்ட்டில் அது 45 நிமிடம், வியன்னாவில் 25 நிமிடம்தான். ஆனால் அது எல்லாம் ஒழுங்காக நடந்தால் என்று போட்ட கணக்கு: முதல் விமானம் சொன்ன நேரத்துக்கு வர வேண்டும், வரிசை நீளக் கூடாது, எந்தப் பக்கம் போவது என்று தெரிந்திருக்க வேண்டும். முதல் தடவை போகிறவருக்கு இதெல்லாம் கைகூடும் என்று நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள்.

நான் யாருக்குச் சொன்னாலும் ஒரே டிக்கெட்டில் இரண்டு மணி நேரம், வயதானவர்களுக்கு மூன்று மணி நேரம் என்றுதான் சொல்வேன். இரண்டு தனி டிக்கெட் என்றால் ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக யோசிக்கவே வேண்டாம்.

ஒரே டிக்கெட்டா, இரண்டு டிக்கெட்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பி.என்.ஆர். எண்ணை, அதாவது டிக்கெட்டின் பதிவு எண்ணைப் பாருங்கள். இரண்டு விமானத்துக்கும் ஒரே எண் என்றால் பெரும்பாலும் ஒரே டிக்கெட். சந்தேகமாக இருந்தால் டிராவல்ஸ்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "முதல் பிளைட் லேட்டாகி அடுத்ததை விட்டுவிட்டால், வேறு பிளைட் ஏற்றிவிடுவது யார் பொறுப்பு?" நேரான பதில் வரவில்லை என்றால் அவர் இரண்டு கம்பெனி டிக்கெட்டை ஒட்டித் தருகிறார் என்று அர்த்தம். மலிவு விலை ஆப்களிலும் இப்படி ஒட்டி விற்கிறார்கள். 'செல்ஃப் டிரான்ஸ்பர்' என்று சின்ன எழுத்தில் எங்காவது ஓர் ஓரத்தில் போட்டிருக்கும்.

கடைசிச் சோதனை திருச்சி கவுண்டரில். பெட்டியை பெல்ட்டில் போடும்போது கைப்பிடியில் ஒரு நீளக் காகிதம் சுற்றி ஒட்டுவார்கள். அதில் பெரிதாக மூன்றெழுத்து இருக்கும், அதுதான் பெட்டி போய் இறங்கும் ஊர். நீங்கள் மெல்போர்ன் போகிறீர்கள், காகிதத்தில் சிங்கப்பூர் எழுத்து மட்டும் இருக்கிறது என்றால் பெட்டி உங்களோடு மெல்போர்ன் வராது. பெல்ட் நகர்வதற்கு முன் கேளுங்கள். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் முறைத்தாலும் பரவாயில்லை. உங்கள் கையில் தருகிற சின்னத் துண்டிலும் அதே எழுத்து இருக்கும், அதைத் தொலைக்காதீர்கள். இரண்டாவது விமானத்தின் போர்டிங் பாஸும் அங்கேயே கிடைக்கிறதா என்று பாருங்கள்.

நாலாயிரம் ஐயாயிரம் குறைகிறதே, தனித்தனியாக எடுத்தால் என்ன?

அந்தப் பணம் சின்னப் பணம் இல்லை, தெரியும். ஆனால் தனி டிக்கெட் என்றால் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்று பாருங்கள். நடு ஊரில் இமிக்ரேஷன் தாண்டி வெளியே வர வேண்டும், பெட்டியை எடுக்க வேண்டும், புறப்பாட்டுப் பகுதிக்குப் போய் மறுபடி செக்-இன் செய்ய வேண்டும், மறுபடி இமிக்ரேஷன், மறுபடி பாதுகாப்புச் சோதனை. பல நாடுகளில் வெளியே வருவதற்கு அந்த நாட்டு விசா வேண்டும். வெளிநாட்டு விமானங்களுக்குச் செக்-இன் கவுண்டரைப் பெரும்பாலும் 60 நிமிடத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். ஆக, மூன்று மணி நேர இடைவெளி என்பது உண்மையில் இரண்டு மணி நேரம்.

துபாயைப் பாருங்கள். இந்தியாவிலிருந்து போகிற குறைந்த கட்டண விமானங்கள் பல டெர்மினல் 2-இல் இறங்கும். எமிரேட்ஸ் புறப்படுவது டெர்மினல் 3. இரண்டும் ஓடுபாதைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கின்றன. தனி டிக்கெட்காரர் விசா வைத்திருந்து, வெளியே வந்து, பெட்டியோடு டாக்சி பிடித்துச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். விசா இல்லையென்றால் திருச்சி கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்கு உங்கள் மேல் எந்தக் கடமையும் கிடையாது. அவர்கள் கணக்கில் நீங்கள் வராத பயணி. டிக்கெட் போச்சு, அன்றைய விலைக்குப் புது டிக்கெட் எடுக்க வேண்டும். திரும்பி வருகிற டிக்கெட்டும் அதே பதிவில் இருந்தால் அதுவும் ரத்தாகிவிடும். மிச்சம் பிடித்த ஐயாயிரத்துக்குப் பத்து மடங்கு ஒரே ராத்திரியில் போய்விடும். இரவு தங்கி மறுநாள் போவதாகத் திட்டமிட்டு, விசாவும் வைத்திருந்து தனி டிக்கெட் எடுப்பவரைத் தடுக்க மாட்டேன். மூன்று மணி நேர இடைவெளியில் எடுக்க வேண்டாம் என்றுதான் கெஞ்சுகிறேன்.

சிங்கப்பூர் வழியாகப் போகிறேன். எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம்?

ஒரே டிக்கெட் என்றால் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் ரொம்ப சுலபமான இடம். டெர்மினல் 1, 2, 3 மூன்றையும் உள்ளேயே ஓடுகிற ஸ்கைட்ரெயின் இணைக்கிறது, இமிக்ரேஷன் பக்கமே போக வேண்டியதில்லை. டெர்மினல் 4 மட்டும் தனியாக இருக்கிறது, அதற்கு பஸ். ஸ்கூட் விமானங்கள் இயங்குவது டெர்மினல் 1-இல். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2-லும் 3-லும். முதல் மூன்று டெர்மினல்களில் பாதுகாப்புச் சோதனை கேட் வாசலிலேயே நடக்கும். அதனால் கடை கடையாகப் பார்த்துவிட்டுக் கடைசி நிமிடத்தில் கேட்டுக்குப் போனால் அங்கே ஒரு வரிசை நிற்கும்.

அருவி இருக்கிற ஜூவல் கட்டடத்தைப் பார்க்க வேண்டும் என்று பலருக்கு ஆசை. அது இமிக்ரேஷனுக்கு வெளியே இருக்கிறது. அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகளின் விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்கு 96 மணி நேர விசா இல்லா டிரான்சிட் வசதியை சில நிபந்தனைகளோடு சிங்கப்பூர் தருகிறது. இடைவெளி ஆறு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் பார்க்கலாம், இரண்டு மணி நேரம்தான் என்றால் அந்த ஆசையே வேண்டாம்.

கோலாலம்பூர்?

அங்கே இரண்டு டெர்மினல். ஏர்ஏசியா டெர்மினல் 2, மலேசியா ஏர்லைன்ஸும் பாத்திக் ஏரும் டெர்மினல் 1. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ரயிலில் மூன்று நிமிடம்தான், ஆனால் அந்த ரயிலைப் பிடிக்க இமிக்ரேஷன் தாண்டி வெளியே வர வேண்டும். கஷ்டம் அங்கேதான். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு மலேசியா விசா விலக்கு தருவதால் வெளியே வருவது முன்பு போல் சிரமம் இல்லை. ஆனாலும் மலேசியாவின் டிஜிட்டல் வருகைப் படிவத்தை முன்கூட்டியே நிரப்ப வேண்டும், இமிக்ரேஷன் வரிசை சில நேரம் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். ஏர்ஏசியாவிலிருந்து ஏர்ஏசியாவுக்கே மாறுகிறவர்கள் ஒரே பதிவாக எடுத்தால் உள்ளேயே மாறிக்கொள்ளலாம். அதே இரண்டு விமானத்தைத் தனித்தனியாகப் பதிவு செய்தால் அந்த வசதி போய்விடும்.

கொழும்பு வழி நல்லதா?

பலர் இதை யோசிப்பதே இல்லை. திருச்சியிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம். கட்டுநாயக்கா சின்ன விமான நிலையம், அறிவிப்புப் பலகைகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கும். இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்று. லண்டன், மெல்போர்ன் போகிற, தமிழ் மட்டும் தெரிந்த அப்பா அம்மாவுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த வழியைத்தான்.

அமெரிக்கா போகும்போது என்ன வித்தியாசம்?

அமெரிக்காவில் முதலில் எந்த ஊரில் இறங்குகிறீர்களோ அங்கேயே இமிக்ரேஷன். பெட்டியில் கடைசி ஊர் பெயர் ஒட்டியிருந்தாலும் பொதுவாக அங்கே எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, பக்கத்தில் இருக்கிற பெல்ட்டில் மறுபடி போட வேண்டும். அப்புறம் பாதுகாப்புச் சோதனை. மூன்று மணி நேரம் இல்லாமல் உள்நாட்டு விமானம் எடுக்காதீர்கள்.

அபுதாபி வழியாகப் போனால் கதை வேறு. அமெரிக்க இமிக்ரேஷன் அதிகாரிகள் 2014-லிருந்து அபுதாபியிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். கேள்வி, கைரேகை எல்லாம் அங்கேயே முடிந்து, அமெரிக்காவில் உள்நாட்டுப் பயணி மாதிரி இறங்கி வெளியே போய்விடலாம். ஆக, நேரம் வேண்டியது அமெரிக்காவில் இல்லை, அபுதாபியில். அங்கே இடைவெளியை மூன்று மணி நேரத்துக்குக் குறைக்காதீர்கள்.

ஐரோப்பாவில் இரண்டு தடவை மாறுகிறேன்...

ஐரோப்பாவில் ஒரே விசாவில் போய்வரக்கூடிய நாடுகளின் கூட்டம்தான் ஷெங்கன். முதலில் இறங்குகிற ஷெங்கன் ஊரில் பாஸ்போர்ட் சோதனை. 2025 அக்டோபரிலிருந்து கைரேகையும் முகப்படமும் எடுக்கிற புது முறை வந்திருப்பதால் வரிசை முன்பைவிட மெதுவாக நகர்கிறது. பிராங்பர்ட்டில் 45 நிமிடம் என்று டிக்கெட் காட்டினாலும் எடுக்காதீர்கள். லண்டன் ஹீத்ரோவில் டெர்மினல் மாற பஸ், அப்புறம் மறுபடி பாதுகாப்புச் சோதனை. டிரான்சிட் விசா வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் கையில் என்ன விசா இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும், அடிக்கடியும் மாறுகிறது. டிக்கெட் எடுப்பதற்கு முன் அந்த நாட்டுத் தூதரகத் தளத்தில் பார்த்துவிடுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் போன வருஷம் போனார் என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

அம்மா தனியாக வருகிறார், ஆங்கிலம் தெரியாது. சக்கர நாற்காலி போட்டால் போதுமா?

கட்டாயம் போடுங்கள். நடக்கத் தெம்பு இருந்தாலும் போடுங்கள். டிக்கெட் எடுக்கும்போதே சொல்ல வேண்டும், கடைசிக்கு 48 மணி நேரம் முன்பாவது. திருச்சி கவுண்டரில் ஒரு தடவை உறுதிப்படுத்த வேண்டும், இரண்டாவது விமானத்துக்கும் போட்டிருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

ஆனால் இரண்டு விஷயம் யாரும் சொல்வதில்லை. சக்கர நாற்காலிப் பயணிகள் விமானத்திலிருந்து கடைசியாகத்தான் இறங்குவார்கள். எல்லாரும் இறங்கிப் போய், ஆள் வந்து சேர அரை மணி நேரம் ஆகலாம். அதனால்தான் மூன்று மணி நேரம் என்று அழுத்திச் சொல்கிறேன். இன்னொன்று, டிரான்சிட்டில் நேராகக் கேட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். ஓரிடத்தில் வரிசையாக உட்கார வைத்து, "வெயிட்" என்று சொல்லிவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தவர் போய்விடுவார். அம்மா பயந்துபோவார், எழுந்து நடக்க ஆரம்பிப்பார், அப்போதுதான் தவறிப்போகிறார்கள். வீட்டிலேயே சொல்லிவையுங்கள்: "உன்னை ஓரிடத்தில் உட்கார வைப்பாங்க, ஆள் மாறி வருவாங்க, நீ எழுந்து போகாதே, போர்டிங் பாஸை மட்டும் கையில் காட்டிக்கிட்டே இரு." பாத்ரூம் போக வேண்டும் என்றால் தள்ளுகிறவரிடம் முதலிலேயே சைகை காட்டச் சொல்லுங்கள், கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டு உட்கார வேண்டாம்.

ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதிக் கைப்பையில் வையுங்கள்: பெயர், இரண்டு விமான எண்கள், போகிற ஊர், தமிழ் மட்டும் பேசுவார் என்பது, சர்க்கரை அல்லது இரத்த அழுத்த மருந்து விவரம், பிள்ளையின் போன் நம்பர் நாட்டுக் குறியீட்டோடு. அப்புறம் திருச்சியில் வரிசையில் நிற்கும்போது அதே ஊருக்கு மாறிப் போகிறவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் தலைமுறையாகச் சபுர் (வெளிநாட்டுப் பயணம்) போய் வருகிறவர்கள் அந்த வரிசையில் எப்போதும் இருப்பார்கள். "கொஞ்சம் பாத்துக்கங்க தம்பி" என்றால் மறுக்கிற ஆளை நான் பார்த்ததில்லை.

கைப்பையில் என்ன வைக்கலாம், என்ன வைக்கக் கூடாது?

டிரான்சிட்டில் மறுபடி சோதனை நடக்கிற ஊர்களில் நேரத்தைத் தின்பது ஊறுகாய் பாட்டில்தான். திரவமும் குழம்பு மாதிரி இருப்பதும் 100 மில்லிக்கு மேல் கைப்பையில் கூடாது. ஊறுகாய், தொக்கு, நெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் இதில் சேரும். திருச்சியில் கண்ணில் படாமல் தப்பியது அங்கேயும் தப்பும் என்று சொல்ல முடியாது. தட்டு தனியாக ஒதுங்கும். உங்கள் முறை வரும்வரை நிற்க வேண்டும். பிறகு அந்த அதிகாரி ரப்பர் பேண்டைக் கழற்றி, பிளாஸ்டிக் கவரைப் பிரித்து, உள்ளே சுற்றிய தினத்தாளைப் பிரித்து, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, நார்த்தங்காயைத் தூக்கிக் குப்பையில் போடுவார். பையை மறுபடி ஸ்கேன் செய்வார். கால் மணி நேரம் போயிருக்கும், ஊறுகாயும் போயிருக்கும். பெட்டியில் வையுங்கள். கும்பகோணம் காபிப் பொடியையும் பெட்டியிலேயே வையுங்கள், அமெரிக்கா போகிற விமானங்களில் 350 மில்லி அளவுக்கு மேற்பட்ட பொடிகளைத் தனியாகச் சோதிப்பார்கள். கொப்பரையை மட்டும் பெட்டியிலும் வைக்கக் கூடாது, தீப்பிடிக்கும் பொருள் என்று தடை.

மாறாக, மருந்து, ஒரு மாற்று உடை, சார்ஜர், கண்ணாடி எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பவர் பேங்கும் கைப்பையில் மட்டும். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் கூறைப்புடவையையும் நகையையும் பெட்டியில் போடாதீர்கள். இடைவெளி குறைவாக இருக்கும்போது ஆள் ஏறிப் பெட்டி ஏறாமல் போவது சகஜம்.

முதல் விமானம் தாமதமாகும் என்று முன்கூட்டியே தெரியுமா?

ஓரளவு தெரியும். திருச்சிக்கு வருகிற வெளிநாட்டு விமானங்கள் பல, வந்த கையோடு அதே ஊருக்குத் திரும்புகிறவை. அங்கே கிளம்பத் தாமதமானால் இங்கேயும் தாமதம். மேட்டூரில் திறப்பது தள்ளினால் கடைமடைக்கு எவ்வளவு தள்ளும் என்று நாம் கணக்குப் போடுவோமே, அப்படித்தான். பிளைட்ராடார்24 போன்ற ஆப்பில் வரவேண்டிய விமானம் கிளம்பிவிட்டதா என்று வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே பாருங்கள். கிளம்பவில்லை என்றால் கவுண்டரிலேயே கேட்டு அடுத்த இணைப்புக்கு மாற்றிக்கொள்ளலாம், திருச்சியில் செய்வது நடு ஊரில் செய்வதைவிடச் சுலபம்.

சென்னை வழியாகப் போகிறவர்கள் மாதத்தையும் பாருங்கள். மிக்ஜாம் புயலில் 2023 டிசம்பரிலும், ஃபெஞ்சல் புயலில் 2024 நவம்பர் கடைசியிலும் சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். போகி அன்று விடியற்காலைப் புகையிலும் விமானங்கள் தாமதமாகும். ஐப்பசி, கார்த்திகையில் குறைந்த இடைவெளி டிக்கெட் எடுக்காமல் இருப்பது நல்லது.

விமானத்துக்குள்ளேயே நேரமாகிவிட்டது. என்ன செய்வது?

பணிப்பெண்ணிடம் உடனே சொல்லுங்கள், இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பாவது. முன்வரிசையில் காலி இருந்தால் மாற்றி உட்கார வைப்பார்கள், தரையில் இருப்பவர்களுக்குத் தகவலும் போகும். இடைவெளி குறைவு என்று தெரிந்தால் பணம் கட்டியாவது முன்பக்க இருக்கை எடுங்கள், இந்த ஒரு செலவு வீண் இல்லை. கைப்பையை உங்களுக்குப் பின்னால் இருக்கிற மேல் பெட்டியில் வைக்காதீர்கள், எதிர்த்திசையில் வந்து எடுக்க முடியாது.

இறங்கியதும் 'டிரான்ஸ்பர்' என்ற பலகையைப் பின்தொடருங்கள், 'அரைவல்' பக்கம் போனால் இமிக்ரேஷனில் கொண்டுபோய் விட்டுவிடும். முதல் திரையிலேயே கேட் எண்ணைப் பாருங்கள், போர்டிங் பாஸில் அச்சடித்த எண் மாறியிருக்கலாம். கேட் மூடுவது புறப்படுகிற நேரத்தில் இல்லை, ஏறக்குறைய 20 நிமிடம் முன்பே.

விமானத்தை விட்டே விட்டேன். இப்போது?

கேட் முன் நின்று சண்டை போட வேண்டாம், மூடிய கேட் திறக்காது. டிரான்ஸ்பர் கவுண்டருக்குப் போங்கள். ஒரே டிக்கெட் என்றால் அடுத்த விமானத்தில் இடம் தருவது அவர்கள் கடமை. அதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். சாப்பாட்டுக் கூப்பன், இரவு தங்க வேண்டுமென்றால் ஓட்டல் என்று வாய்விட்டுக் கேளுங்கள், கேட்காதவருக்குச் சில இடங்களில் தருவதில்லை. விசா இல்லாமல் வெளியே போக முடியாவிட்டால், உள்ளேயே இருக்கிற டிரான்சிட் ஓட்டல் சாங்கியிலும் துபாயிலும் தோஹாவிலும் கோலாலம்பூரிலும் உண்டு. கவுண்டரில் நீள வரிசை என்றால் நிற்கும்போதே ஊரிலோ வெளிநாட்டிலோ இருக்கிற ஒருவர் கம்பெனி வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் போடட்டும், எது முதலில் முடிகிறதோ முடியட்டும்.

ஐரோப்பாவிலிருந்து புறப்படுகிற பயணமாகவோ ஐரோப்பியக் கம்பெனியில் அங்கே போகிற பயணமாகவோ இருந்து, கம்பெனியின் தவறால் கடைசி ஊருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் நஷ்டஈடு உண்டு. தூரத்தைப் பொறுத்து 600 யூரோ வரை. போர்டிங் பாஸ்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஆள் வந்தாச்சு, பெட்டி வரவில்லை.

வெளியே போகும் முன் லக்கேஜ் கவுண்டரில் எழுதிக் கொடுத்துப் பதிவு எண் வாங்குங்கள். வெளியே போய்விட்டால் பேச்சு பலவீனமாகிவிடும். திருச்சியில் கொடுத்த அந்தச் சின்னத் துண்டு இப்போதுதான் வேண்டும்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் எந்த ஊர் நேரம்?

அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால், கத்தார் இரண்டரை மணி நேரம் பின்னால். போனில் சிக்னல் இல்லாமல் பழைய நேரமே காட்டிக்கொண்டிருக்கலாம், சுவரில் இருக்கிற திரையை நம்புங்கள்.

திரும்பி வரும்போது சென்னையில் இறங்கி திருச்சிக்கு விமானம் மாறலாமா?

மாறலாம், ஆனால் இந்தியாவில் முதலில் இறங்குகிற ஊரில்தான் பொதுவாக இமிக்ரேஷன், பெட்டி, கஸ்டம்ஸ் எல்லாம். முடித்து வெளியே வந்து, உள்நாட்டு டெர்மினல் வாசலில் டிக்கெட்டும் அடையாள அட்டையும் காட்டி மறுபடி உள்ளே போக வேண்டும். சென்னையில் வெளிநாட்டு வருகை டெர்மினல் 2-இல், உள்நாடு 1-லும் 4-லும். பக்கத்தில்தான், தள்ளுவண்டியோடு நடந்துவிடலாம். நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மும்பை என்றால் உள்நாட்டு விமானம் டெர்மினல் 1-ஆ 2-ஆ என்று முதலில் பாருங்கள், இரண்டுக்கும் நடுவே ரோட்டில் சில கிலோமீட்டர் போக வேண்டும்.

மயிலாடுதுறைக்காரரும் கும்பகோணத்துக்காரரும் சாயங்காலம் சென்னையில் இறங்கினால் திருச்சி விமானத்தைத் துரத்தத் தேவையே இல்லை. திருச்சியில் இறங்கினாலும் கும்பகோணத்துக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் ரோட்டில் வர வேண்டும். விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம் ஸ்டேஷன், அங்கே மின்சார ரயில் ஏறித் தாம்பரம் போய் உழவன் எக்ஸ்பிரஸில் படுத்தால் விடிவதற்குள் ஊர். பஸ் என்றால் கிளாம்பாக்கம். பெட்டி மூன்றுக்கு மேல் இருந்தால் மட்டும் கார் சொல்லிவிடுங்கள், ராத்திரியில் பிளாட்பாரப் படிக்கட்டில் அத்தனையையும் தூக்க முடியாது.